ரீயூனியனுக்கு வேலை மாற்றம்: போர்டை எடுத்துப் போகலாமா? சுறா பயம் எவ்வளவு நிஜம்?

20 ஜூன் 2024 | கேள்வி: அலைப்பித்தன்

புதுச்சேரிக்காரன். செரினிட்டி கடற்கரையில் சர்ஃபிங் கற்றுக்கொண்டவன். செப்டம்பரில் இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்கு வேலை மாற்றம், மனைவியும் ஐந்து வயது மகளும் கூட வருகிறார்கள். இணையத்தில் தேடினால் பாதிப் பேர் "அது சுறாத் தீவு, கடல் பக்கமே போகாதே" என்கிறார்கள். மீதிப் பேர் "மின்னல் தாக்கிச் சாகிறவர்கள்தான் அதிகம், கவலையை விடு" என்கிறார்கள். அங்கே இருக்கும் அண்ணன்கள் யாராவது உள்ளதைச் சொல்லுங்கள். போர்டை எடுத்து வரட்டுமா, விற்றுவிடட்டுமா?

20 ஜூன் 2024, இரவு | சேன்லூவாசி

எடுத்து வா தம்பி. விற்றுவிட்டு வந்தால், இங்கே மேற்குக் கரையில் சேன் லூ ஊரில் இடப்பக்கம் உடையும் அந்த அலையை முதல் தடவை பார்த்ததுமே நொந்துபோவாய். ஆனால் விடிந்ததும் எழுந்து, அலை நன்றாக இருக்கிறதே என்று தனியாகப் போர்டைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற பழக்கம் இருந்தால், அதை மட்டும் புதுச்சேரியிலேயே விட்டுவிட்டு வா.

2011 முதல் 2019 வரை இந்தத் தீவில் சுறாவுக்குப் பலியானவர்கள் 11 பேர். அதில் 8 பேர் சர்ஃப் போர்டிலோ பாடிபோர்டிலோ (படுத்தபடி அலையில் சறுக்கும் சின்னப் பலகை) இருந்தவர்கள். கடைசி மரணம் 2019 மே 9, சேன் லூவில். அதற்குப் பிறகு இன்றுவரை போர்டில் போன யாரும் சாகவில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே படி. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒன்று வீண் பயம் வரும், இல்லாவிட்டால் வீண் தைரியம் வரும்.

21 ஜூன் 2024

மின்னல் வாதத்துக்கு வருகிறேன். கீழே ஒருவர் தேங்காயையும் சேர்த்துவிட்டார், ஆண்டுக்கு 150 பேர் தேங்காய் விழுந்து சாகிறார்களாம். அந்த 150 என்ற எண்ணுக்கு அடிப்படையே கிடையாது, பல ஆண்டுகளாக இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மின்னல் கணக்கு பொய்யில்லை. ஆனால் அது கடலையே பார்க்காத கோடிக்கணக்கான பேரையும் சேர்த்து வகுத்த கணக்கு. மதுரையில் கடை வைத்திருப்பவரைச் சுறா கடிக்கப் போவதில்லை. அவரைச் சேர்த்து வகுத்து வந்த சராசரியைக் காட்டி என்னைத் தண்ணீரில் இறங்கச் சொல்வது நியாயமா?

உலகம் முழுவதும், மனிதன் சீண்டாமலே சுறா கடித்து இறப்பவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 6 பேர். ஒன்பது ஆண்டுக்கு ஐம்பத்துச் சொச்சம் வரும். அதே ஒன்பது ஆண்டில் இந்தச் சின்னத் தீவில் மட்டும் 11. இங்கே மொத்த மக்கள்தொகையே ஒன்பது லட்சத்துக்குள்தான். அதிலும் அலையில் இறங்குகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசி. அந்தக் காலத்தில் இங்கே போர்டு பிடித்தவனுக்கு உலகச் சராசரியால் ஒரு பிரயோசனமும் இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்காவில் புளோரிடாவின் நியூ ஸ்மிர்னா கடற்கரையில் சுறாக் கடி மிக அதிகம், ஆனால் பெரும்பாலும் சின்னச் சுறா, கலங்கிய தண்ணீரில் மீன் என்று நினைத்துக் காலைக் கவ்விவிட்டு ஓடிவிடும். தையல் போட்டுக்கொண்டு மறுபடி இறங்குகிறார்கள். இங்கே இருப்பது காளைச் சுறாவும் புலிச் சுறாவும். இவை ஒரு தடவை கடித்தாலே தொடை போய்விடும். ஆகவே "எத்தனை கடி" என்று கேட்பதோடு "என்ன சுறா" என்றும் கேட்க வேண்டும்.

21 ஜூன் 2024, மாலை

2023இல் உலகம் முழுக்கச் சீண்டாமல் விழுந்த கடி 69, அதில் 10 மரணம் என்று புளோரிடா அருங்காட்சியகத்தின் சுறாத் தாக்குதல் பதிவு சொல்கிறது. கடிபட்டவர்களில் 42 விழுக்காட்டினர் சர்ஃபிங் போன்ற பலகை விளையாட்டுக்காரர்கள். நீந்துகிறவர்களைவிட நாம்தான் அதிக நேரம், அதிக தூரத்தில், காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அலை உடைகிற இடமும் இரை கலங்குகிற இடமும் ஒன்றாகவே இருந்துவிடுகிறது.

25 ஜூன் 2024

ஹவாய்ச் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். தமாயோ பெரி, ஓவாஹு தீவின் உயிர்காப்பாளர், பைப்லைன் அலையில் பேர் வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமை சர்ஃபிங் போன இடத்தில் சுறா தாக்கி இறந்துவிட்டார். நேற்றிலிருந்து மனசே சரியில்லை.

"அனுபவம் இருந்தால் தப்பிக்கலாம்" என்று இந்த இழையில் யாரும் எழுதாதீர்கள். 2017 பிப்ரவரியில் இங்கே சேன் ஆந்த்ரேயில் இறந்த பையனுக்கு 26 வயது. அவன் முன்பு சுறாக் காவலராகவே வேலை பார்த்தவன், அடுத்தவர்கள் சர்ஃபிங் செய்யும்போது தண்ணீருக்கடியில் சுறா வருகிறதா என்று பார்த்துச் சொன்னவன். இறங்கிய இடம் தடை செய்யப்பட்ட இடம், ஆற்று முகத்துவாரப் பக்கம், கலங்கிய தண்ணீர். ஆபத்து என்ன என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் இறங்கினான். நல்ல அலையைப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் கரையில் நிற்பது என்ன பாடு என்று எனக்கும் தெரியும் என்பதால், அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

30 ஜூன் 2024

காவல் எப்படி நடக்கிறது என்று தம்பி தனியாகக் கேட்டிருந்தான். எல்லாருக்கும் பயன்படும், இங்கேயே எழுதுகிறேன்.

தீவின் சர்ஃபிங் சங்கம் ஆரம்பித்த ஏற்பாடு இது. முக்குளிக்கத் தெரிந்த காவலர்கள், ரப்பர் படகு, கேமரா, ட்ரோன். காலையில் முதலில் பார்ப்பது அலையை இல்லை, தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைத்தான். கீழே கண்ணுக்கு எட்டும் தூரம் போதாவிட்டால் அன்றைக்குக் காவல் கிடையாது. காவல் இல்லை என்றால் யாரும் இறங்குவதும் கிடையாது. எத்தனையோ அருமையான நாட்கள் அப்படிப் போயிருக்கின்றன.

சேன் லூவில் ஒரு நாள். அலை நெஞ்சளவு, காற்று நிலத்திலிருந்து கடல் பக்கம். வரிசையில் என் முறைக்காகக் காத்திருக்கிறேன். எனக்குப் பக்கத்தில் முக்குளிப்பவர் மேலே வந்து, முகமூடியை நெற்றிக்குத் தள்ளி, கையை மட்டும் உயர்த்தினார். சத்தம் போடவில்லை. அடுத்த நொடியே படகில் ஊதல். எல்லாரும் வயிற்றை ஒட்டிப் படுத்து, கையை அகலமாக வீசாமல், ஒருவர் பக்கத்தில் ஒருவராகக் கரைக்குத் துடுப்புப் போட்டோம். பவளப்பாறை மேல் முட்டி உரசியது அப்போது தெரியவில்லை. கரையில் நின்று பார்த்தபோது காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. வந்தது என்ன சுறா என்று அந்தக் காவலராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, "பெரியது, அடியோடு போனது" என்றார். அன்று அவ்வளவுதான். எல்லாரும் போர்டைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

அந்தக் காவலர் தினமும் அந்தத் தண்ணீருக்குள்தான் நிற்கிறார். சர்ஃபிங் செய்கிறவர்களின் துணிச்சலைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறார்கள், அவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

2 ஜூலை 2024

வலை கட்டினால் போதாதா என்று கேட்டவருக்கு:

இரண்டு வகை வலை உண்டு. சிட்னிப் பக்கம் போடுவது 150 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம். 1937இலிருந்து போடுகிறார்கள். அது வேலி இல்லை. சுறா அடியிலும் பக்கத்திலும் சுற்றிக்கொண்டு உள்ளே வரலாம், வருகிறது. ஆமையும் டால்பினும் மாட்டிச் சாகின்றன. இங்கே பூக்கான் கனோ, ரோஷ் நுவார் கடற்கரைகளில் கட்டியது வேறு, கரையை முழுக்க அடைக்கிற வலை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தத் தீவின் பேரலை அந்த வலையை விட்டுவைக்குமா? 2016 ஆகஸ்ட் 27 அன்று பூக்கான் கனோவில் வலை இருந்த இடத்திலேயே ஒரு இளைஞர் ஒரு கையையும் ஒரு பாதத்தையும் இழந்தார். வலையில் ஓட்டை விழுந்திருந்தது.

2 ஜூலை 2024, இரவு

தூண்டில் மிதவை பற்றி மத்தியானம் எழுத மறந்தேன். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்ததும், மிகவும் உறுத்துவதும் அதுதான்.

கடலுக்குள் நங்கூரம் போட்டு மிதவை. அதிலிருந்து இரை மாட்டிய பெரிய வளைந்த கொக்கி. சுறா இரையை இழுத்ததும் மிதவையிலுள்ள காந்தம் கழன்று, செயற்கைக்கோள் வழியாகப் படகுக்காரர்களின் போனுக்குச் செய்தி போய்விடும். அவர்கள் உடனே கிளம்பிப் போய்ப் பார்ப்பார்கள். இந்தக் கருவி பிறந்தது இந்த ரீயூனியனில்தான். 2015 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதை எடுத்துக்கொண்டு பாலினா பக்கம் போட ஆரம்பித்தது.

வித்தியாசம் இங்கே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மாட்டிய வெள்ளைச் சுறாவுக்கு அடையாளப் பட்டை போட்டு, கடலுக்குள் தள்ளிக் கொண்டுபோய் உயிரோடு விடுகிறார்கள். இங்கே மாட்டுவது காளைச் சுறா, புலிச் சுறா என்றால் கொன்றுவிடுகிறார்கள், மற்றதை விட்டுவிடுகிறார்கள். நான் தண்ணீரில் நிம்மதியாக உட்கார்ந்திருக்க அந்தச் சுறாக்கள் செத்துக்கொண்டிருக்கின்றன.

2017இல் அந்த 26 வயதுப் பையன் இறந்தபோது, ரீயூனியனில் தினமும் சுறா வேட்டை நடக்க வேண்டும் என்று சர்ஃபிங் உலகச் சாம்பியன் கெல்லி ஸ்லேட்டரே எழுதினார், உலகமே அவர் மேல் பாய்ந்தது. அன்றைக்கு நான் அவர் பக்கம். இன்றைக்குக் கேட்டால் தயங்குவேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் நின்று "சுறாவும் ஒரு உயிர்தானே" என்று சொல்ல என்னால் முடியாது. கொல்லாமலே காவலை மட்டும் இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும் என்று சோதிக்காமல் இருப்பதும் சரியாகப் படவில்லை.

7 ஜூலை 2024

"திடீரென்று 2011இல் ஏன் ஆரம்பித்தது?"

திடீர் இல்லை, அதற்கு முன்பும் இங்கே கடி உண்டு. வேகம்தான் கூடியது. காரணம் என்ன என்று தீவில் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருப்பார்கள். மீனவரைக் கேட்டால் 2007இல் வந்த கடல் சரணாலயம் என்பார். சரணாலயத்துக்காரரைக் கேட்டால் மலையிலிருந்து இறங்கும் கழிவும் மண்ணும் என்பார். இன்னொருவர் சேன் போல் விரிகுடாவில் இருந்த மீன் பண்ணையைச் சொல்வார். மேற்கே வீடுகளும் தோட்டங்களும் பெருகி, கிழக்கு மலையிலிருந்து தண்ணீரை மேற்கே திருப்பிவிட்டதால் மழைக்காலத்தில் கடல் கலங்குகிறது என்று வேறொருவர். காளைச் சுறாவுக்கு அரை உப்புத் தண்ணீரும் கலங்கலும் ஒத்துப்போகும். ஆஸ்திரேலியாவில் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, கோல்ஃப் மைதானக் குளத்தில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த இனம் இது. எனக்கு எந்த ஒரு காரணமும் தனியாகப் போதுமென்று தோன்றவில்லை. ஆனால் மழை பெய்து ஓடைகள் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டிய பிறகு நான் தண்ணீரில் இறங்குவதில்லை. அதற்கு ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு காரணம் நம்மூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும்: இங்கே யாரும் சுறாவைத் தின்பதில்லை. 1993இல் மடகாஸ்கரில் சுறாக் கறி சாப்பிட்டுப் பலர் விஷமேறி இறந்தார்கள். அந்தப் பயத்தில் 1999 முதல் இங்கே காளைச் சுறா, புலிச் சுறா இறைச்சி விற்கத் தடை. விற்க முடியாததை மீனவர் ஏன் பிடிப்பார்? நம் கரையில் சுறா வலையில் மாட்டினால் அன்றைக்கே புட்டாகிவிடும். வந்த புதிதில் அம்மா செய்யும் சுறாப் புட்டு வேண்டும் என்று மீன் கடையில் நின்று கேட்டேன், கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

9 ஜூலை 2024

அப்படியானால் நம் கரையில் ஏன் கடி இல்லை என்கிறாரா சேலத்து நண்பர்? பெரிய சுறாக்கள் பிடிபட்டுத் தீர்ந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல நான் ஆளில்லை. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் புதுச்சேரியிலும் போர்டு பிடிக்கிறவர்கள் பயப்பட வேண்டியது இழுப்பு நீரோட்டத்துக்கும், கரைக்குப் போட்ட கருங்கல்லுக்கும், படகுக் கயிற்றுக்கும். அங்கே சுறாவை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

14 ஜூலை 2024

சுறாவை விரட்டும் கருவி வாங்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிளின்டர்ஸ் பல்கலைக்கழகத்தார் 2018இல் ஐந்து வகைக் கருவிகளை வெள்ளைச் சுறாவிடம் வைத்துப் பார்த்தார்கள். காந்தப் பட்டை, போர்டில் தடவும் மெழுகு எல்லாம் இருந்தது. குறிப்பிடும்படி வேலை செய்தது ஒன்றே ஒன்று, போர்டில் மின்புலம் உண்டாக்கும் ஃப்ரீடம் பிளஸ் சர்ஃப். கருவி இல்லாதபோது சுறா இரையை எடுத்தது நூற்றுக்கு 96 தடவை, கருவி இருந்தபோது 40 தடவை. பாதிக்குமேல் குறைகிறது, நல்ல விஷயம்தான். ஆனால் அந்த 40 அப்படியே இருக்கிறது. காவல் இல்லாத இடத்தில் இறங்க அந்தக் கருவி அனுமதிச் சீட்டு இல்லை. மெழுகுக்கும் மணிக்கட்டுக் காந்தத்துக்கும் காசு கொடுக்காதீர்கள்.

14 ஜூலை 2024

சுறாவை விரட்டும் என்று சொல்லப்படும் வரிக்குதிரைக் கோடு போட்ட போர்டு பற்றியும் கேட்காதீர்கள், தயவுசெய்து.

24 ஜூலை 2024

நேற்று ஆஸ்திரேலியாவில் போர்ட் மக்குவாரி அருகே 23 வயது வீரர் ஒருவரை வெள்ளைச் சுறா கடித்தது. கால் போய்விட்டது, ஆள் பிழைத்திருக்கிறார். அலையைப் பிடித்துக் கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். கரையில் இருந்த ஒரு காவல்துறைக்காரர் நாய் கட்டும் வாரை எடுத்துக் காலில் இறுக்கிக் கட்டியிருக்கிறார்.

நான் சொல்ல வந்தது அந்த வாரைத்தான். சுறாக் கடியில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது ரத்தப்போக்கு. தொடையில் கடி என்றால் ரத்தம் வடிந்து முடியச் சில நிமிடம் போதும். நம் பேச்சு முழுக்க "கடிக்குமா கடிக்காதா" என்பதிலேயே இருக்கிறது. கடித்தால் அடுத்த ஐந்து நிமிடம் என்ன செய்வாய் என்று யாரும் கேட்பதில்லை.

ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தார் 2021இல் இதைச் சோதித்துச் சொன்ன வழி எளிது. காலில் கடி என்றால், கடிபட்ட பக்கம் இடுப்பெலும்பு முனைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே தொடை ஆரம்பிக்கும் மடிப்பில் முஷ்டியை வைத்து, உடல் பாரம் முழுவதையும் போட்டு அழுத்த வேண்டும். ரத்தக் குழாய் அங்கேதான் போகிறது. லீஷை (போர்டைக் காலோடு பிணைக்கும் கயிறு) எடுத்துத் தொடையில் கட்டுவதைவிட இது நன்றாக ரத்தத்தை நிறுத்தியது. கூட இருப்பவனுக்குச் சொல்லிக்கொடு. வீட்டில் ஒரு தடவை ஒருவர்மேல் ஒருவர் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள், இடம் கைக்குப் பழகிவிடும். என் பையில் இரத்தக்கட்டுப் பட்டை ஒன்று நிரந்தரமாக இருக்கிறது.

தனியாக இறங்காதே என்று முதல் குறிப்பிலேயே சொன்னதற்குக் காரணம் இதுதான். கூட ஆள் இருந்தால் சுறா வராமல் போய்விடாது. ஆனால் அந்த முஷ்டி இன்னொருவருடையதாக இருக்க வேண்டும்.

6 ஆகஸ்ட் 2024

ஜோஆன் தெஃபேக்கு வெண்கலம்! ஒலிம்பிக் சர்ஃபிங், தஹித்தித் தீவின் தெஆஹூப்போ அலையில். இந்தத் தீவில் வளர்ந்த பெண். அலுவலகத்தில் இன்று வேலையே ஓடவில்லை.

அவள் வளர்ந்த காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். 2005இல் இதே சேன் லூவில் உலகத் தொடர்ப் போட்டி நடந்தது, ஆஸ்திரேலிய வீரர் மிக் ஃபானிங் ஜெயித்தார். பத்து ஆண்டு கழித்து, 2015 ஜூலையில், தென்னாப்பிரிக்காவில் இறுதிப் போட்டியின் நடுவே அதே ஃபானிங்கைச் சுறா முட்டியது, நேரலையில் உலகமே பார்த்தது. அடுத்த ஆண்டு அதே இடத்துக்குத் திரும்பிப் போய் ஜெயித்தார். ஆனால் அந்தத் திரும்புதலை எல்லாருக்கும் பாடமாக்காதீர்கள். இங்கே என் நண்பர்களில் பலர் 2013இல் போர்டைப் பரணில் போட்டவர்கள், இன்னும் எடுக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலை 26 அன்று சர்ஃபிங்குக்குத் தடை ஆணை வந்தது. அதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால்தான் சேன் போலில் 15 வயதுப் பெண் இறந்திருந்தாள், கரைக்கு மிகப் பக்கத்தில். அதைக் கேட்ட பிறகு கடலுக்குப் போகாமல் இருப்பது கோழைத்தனம் இல்லை.

என்னோடு வேலை பார்க்கும் மல்பார் அம்மா சேன் ஆந்த்ரேக்காரர். கரும்புத் தோட்ட வேலைக்கு நம் பக்கத்திலிருந்து போனவர்களின் வழிவந்தவர். தமிழ் பேச வராது, மாரியம்மனுக்குத் தீ மிதிப்பார். "நெருப்பில் நடப்பீர்கள், கடலில் கால் வைக்க மாட்டீர்களா" என்று கேட்டேன். "நெருப்புக்கு விரதம் இருந்து போகிறேன், கடலுக்கு யார் விரதம் இருக்கிறீர்கள்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

18 ஆகஸ்ட் 2024

தம்பி, டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். முதல் மாதத்துக்கு மட்டும் சொல்கிறேன்.

மகளை எர்மிதாஜ் பவளக் காயலுக்குக் கூட்டிப் போ. திட்டு அலையைத் தடுத்துவிடும், குழந்தைகள் ஆடுகிற இடம் அது. திட்டில் தண்ணீர் வெளியே போகிற வாய்க்கால் பக்கம் மட்டும் விடாதே, இழுத்துவிடும். போர்டை எடுப்பதற்கு முன் ஊர் மன்ற அலுவலகத்தில் இப்போதைய ஆணையைப் படித்துப் பார், எந்த இடம் திறந்திருக்கிறது, எந்த இடம் மூடியிருக்கிறது என்று. ஆணை மாறிக்கொண்டே இருக்கும், நான் எழுதியதை நம்பி இறங்காதே. சர்ஃபிங் சங்கத்தில் உறுப்பினராகிவிடு. காவல் போடும் நாளில் மட்டும், தண்ணீர் தெளிந்த நாளில் மட்டும், வெயில் சாய்வதற்குள் வெளியே வந்துவிடு. ஆற்று முகம், மழைக்குப் பின் ஓடை முகம், இரண்டும் வேண்டாம், அலை எப்படி அழைத்தாலும்.

இன்னொன்று. இந்தக் கணக்கை நீ தனியாகப் போடாதே. உன் மனைவியை உட்காரவைத்து, 2011 முதல் 2019 வரை நடந்ததையும் அதற்குப் பிறகு நடக்காததையும் இரண்டையும் சொல். அவர் வேண்டாம் என்றால் போர்டைச் சுவரில் மாட்டு, நாம் ஞாயிற்றுக்கிழமை மலைப் பக்கம் மஃபாத் பள்ளத்தாக்குக்கு நடக்கப் போவோம். சரி என்றால், செப்டம்பர் மூன்றாவது வாரம் சேன் லூவில் காவல் போடுவார்களா என்று விசாரித்து வைக்கிறேன். லீஷ் ஒன்று கூடுதலாக வாங்கி வா, இங்கே விலை இரட்டிப்பு.